கட்டெறும்பு கப்பலேறியது

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டரிடம் போய்வந்தேன். வலது தாடை இன்னும் மரத்துப் போய்க் கிடக்கிறது. காபி குடித்தால் பாதி வாய்க்குள், பாதி சட்டைக்கு. டீச்சர் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் துண்டை எடுத்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து மனைவியை டீச்சர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. போன செப்டம்பரில் அவள் பள்ளிக்கூடத்துக்கும் கணக்குப் பாடத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த பிறகும் எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை.

மத்தியானம் தபால். தூதரகத்திலிருந்து. மகள் வேலை பார்க்கும் நாட்டில் போய் வாழ, ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்பு அனுமதி கிடைத்துவிட்டது! அனுமதி பெறுபவர் நான். சார்ந்திருப்பவர் அவள். மகளுக்குப் போன் போட்டால் அங்கே ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் கத்துகிறாள். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எங்களுக்கு ஏற்கனவே ஒரு மாடி பார்த்து வைத்திருக்கிறாள்.

டீச்சர் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு ஒரே கேள்வி.

"கட்டெறும்பு?"

"அதுவும் வரும். ஒரு வண்டிக்கு வரி கிடையாது."

"நிச்சயமா?"

"படிச்சுட்டேன்."

படித்தேனா? முதல் பக்கத்தின் மேல் பாதியைப் படித்தேன்.

மார்ச் 5, புதன்

கட்டெறும்பைப் பற்றி இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை. ஆபீஸில் வழியனுப்பும்போது கொடுத்த நோட்டு இது. இதுவரை ரத்த அழுத்தமும் பல்வலியும்தான் எழுதியிருக்கிறேன்.

சின்ன வண்டி, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். கறுப்பு. கடிக்காது, ஆனால் கடிக்கிற மாதிரி நிற்கும். டீச்சருக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிவிட்டது. முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டை போட்டுத்தான் நடப்பாள். அதனால் ஆக்சிலரேட்டர் பெடல் இடது காலுக்கு வருகிற மாதிரி மெக்கானிக் ஒருவர் மூன்று வாரம் மல்லுக்கட்டிப் பொருத்திக் கொடுத்தார். வலது பக்கப் பெடல் மடங்கிக் கிடக்கும். உலகத்தில் அவள் ஓட்டக்கூடிய வண்டி அது ஒன்றுதான். நானோ ஓட்டவே மாட்டேன். இடது கண் பிறந்ததிலிருந்தே பெயருக்குத்தான் இருக்கிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பார்க்கிங் இடம் தேடுவதும் தேவையில்லாமல் பயப்படுவதும் என் இலாகா.

இந்த ஊரைவிட்டுக் கிளம்ப அவள் சம்மதித்ததே ஒரு பேச்சின் மேல்தான். "கட்டெறும்பு வந்தா நானும் வரேன். அங்க வந்து உங்க பொண்ணு எப்ப லீவு போடுவா, எப்ப என்னை வெளிய கூட்டிட்டுப் போவான்னு ஜன்னல்ல உக்காந்திருக்க நான் ஆளில்ல."

நியாயம்தானே? மகள் பார்த்திருக்கும் வீடு மேட்டில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து அறுபத்திரண்டு படி. வண்டிக்கு மட்டும் பின்பக்கமாகச் சுற்றி ஒரு பாதை.

மார்ச் 7, வெள்ளி

போச்சு.

வண்டிகளைக் கப்பலில் அனுப்பிக் கொடுக்கும் ஏஜென்ட் ஆபீஸுக்குத் தனியாகத்தான் போனேன். டீச்சர் கண் டாக்டரிடம் போயிருந்தாள். ஏஜென்ட் சின்ன வயசு. பேசும்போது ஸ்டேப்ளரைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். வண்டிப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார், அனுமதிக் கடிதத்தைப் பார்த்தார், தட்டுவதை நிறுத்தினார்.

"சார், வண்டி மேடம் பேர்ல இருக்கு. பர்மிட் உங்க பேர்ல இருக்கு."

"ஆமா. புருஷன் பொண்டாட்டிதானே?"

"அங்க அது எடுபடாது சார். விதியப் பாருங்க."

கடிதத்தோடு வந்த விதித்தாளை என்னிடமே நீட்டினார். நிபந்தனை ஒன்று: அங்கே போய் இறங்கும்போது வண்டிக்கு ஐந்து வயது முடிந்திருக்கக் கூடாது. சரி. நிபந்தனை இரண்டு: விண்ணப்பத் தேதிக்கு முன்னால் குறைந்தது ஆறு மாதமாவது வண்டி அனுமதி பெறுபவர் பெயரில் பதிவாகி இருக்க வேண்டும்.

அதற்கு மேல் படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது?

வரி கட்டித்தான் கொண்டு போகலாம் என்றார். அந்த வரிக்கு இன்னொரு கட்டெறும்பே வாங்கிவிடலாம்.

வண்டி என் பெயரில்தான் இருந்தது. வாங்கும்போது விசாரிக்காமலே என் பெயரை எழுதினார்கள், நானும் விசாரிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஓட்டத் தெரியாதவன் பெயரில் வண்டி என்று டீச்சர் நாலு வருஷம் கிண்டல் பண்ணினாள். போன செப்டம்பர் பதினாலாம் தேதி அவளுக்கு அறுபது முடிந்தது. அவளுக்குத் தெரியாமல் பதிவு ஆபீஸுக்கு மூன்று நாள் அலைந்து, வண்டியை அவள் பெயருக்கு மாற்றி, சாவியில் சிவப்பு ரிப்பன் கட்டி, தலையணைக்குக் கீழே வைத்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் நான் உருப்படியாகக் கொடுத்த பரிசு அது ஒன்றுதான். அதுதான் இப்போது காலை வாரிவிட்டது.

முப்பத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அடுத்தவன் விண்ணப்பத்தில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பின ஆளய்யா நான். என்னுடையதை யார் பார்த்தது?

மார்ச் 8, சனி

சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

பதிவு ஆபீஸில் விசாரித்தேன். மறுபடி என் பெயருக்கு மாற்றுவது ஒரு வாரத்து வேலை. ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதம் காத்திருந்து விண்ணப்பித்தால் செப்டம்பர் ஆகிவிடும். கட்டெறும்புக்கு ஆகஸ்ட் இருபதாம் தேதி ஐந்து வயது முடிகிறது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

வீட்டுக்கு வந்தால் டீச்சர் வண்டியின் டிக்கியில் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாள். கப்பலில் ஏறும் வண்டிக்குள் ஒரு சாமான்கூட இருக்கக் கூடாதாம், ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் இருந்ததாம். அந்தப் பட்டியலை நான்தான் மேஜையில் போட்டிருக்கிறேன், மடையன். ஒரு பழைய குடை, மூன்று சிவப்புப் பேனா, திருத்தாமல் விட்ட ஒரு பரீட்சைத் தாள்.

"பாவம், இந்தப் பையன் ரெண்டு வருஷமா மார்க்குக்குக் காத்திருக்கான்" என்று சொல்லி, அங்கேயே பானெட்மேல் வைத்துத் திருத்தினாள். எழுபத்தொன்று.

உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஏஜென்ட் போன் பண்ணினார். குரலைத் தாழ்த்தி, "சார், தப்பா நினைக்காதீங்க. பதிவு ஆபீஸ்ல நமக்கு ஒருத்தர் இருக்கார். வண்டி மேடம் பேருக்கு மாறவே இல்லைங்கிற மாதிரி ஒரு பழைய தேதி புத்தகம் வாங்கித் தரலாம். நிறைய பேர் செய்றதுதான்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

முகத்தில் அறைந்த மாதிரி வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று சொன்னது என் வாய்தான். தேதி திருத்திய ஒரு தாளைப் பிடித்ததற்காக ஆபீஸில் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். இன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கிறேன்.

மார்ச் 12, புதன்

மகளிடம் மட்டும் சொன்னேன். அம்மாவிடம் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

"ஐயோ அப்பா! இங்க அந்த மாதிரி பெடல் போடுறவங்க யாருமே இல்லப்பா. நான் மூணு இடத்துல கேட்டேன். கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தா ஒரு வருஷம்ங்கிறாங்க. அதுவும் கிடைச்சா."

பிறகு, "அம்மா வரமாட்டாங்கதானே?"

வருவாள். அதுதான் எனக்குப் பயம். எனக்காகவும் மகளுக்காகவும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவாள். வந்து ஜன்னலில் உட்காருவாள். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். அதை நான் தினமும் பார்க்க வேண்டும்.

பழைய தேதிப் புத்தகம் வேண்டாம் என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன். பெரிய நேர்மை ஒன்றுமில்லை. பிடிபட்டால் வண்டியையே எடுத்துக்கொள்வார்கள். அப்போது அவளிடம் என்ன முகத்தோடு நிற்பேன்?

மார்ச் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன். எங்கே ஆரம்பிப்பது... வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பழைய அலமாரியைக் கொடுப்பதற்காக ஒரு கடைக்குப் போனோம். பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு. டீச்சர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு, "அங்க மேட்டு ரோடாம். இவனுக்கு மெதுவா மேடு ஏறப் பழக்கணும்" என்றாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"டீச்சர், கட்டெறும்பு வராது."

திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பதிவு, பரிசு, ரிப்பன், நிபந்தனை இரண்டு, பழைய தேதிப் புத்தகம்கூட. பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். நிதானமாக வண்டியை எடுத்து, சந்திப்பைத் தாண்டி, ஒரு மருந்துக்கடை வாசலில் ஓரங்கட்டி, இண்டிகேட்டரை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"ஒரு வாரம்."

"ஒரு வாரமா தனியா வெச்சுப் புழுங்கிட்டு இருந்தீங்களா? அதான் சாப்பாட்டுல உப்பில்லன்னுகூடச் சொல்லல." கையை நீட்டினாள். "அந்தத் தாளக் கொடுங்க."

சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். முன்பக்கம். பிறகு திருப்பினாள். பின்பக்கமும் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"நிபந்தனை மூணு. அனுமதி பெறுபவரிடம் நடப்பில் உள்ள ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "உங்ககிட்ட லைசன்ஸ் இருக்கா?"

இல்லை. அது அவளுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

"அப்ப நீங்க எனக்கு வண்டியக் கொடுக்காம உங்க பேர்லயே வெச்சிருந்தாலும் இது போயிருக்காதுங்க. நீங்க மூணுல மாட்டியிருப்பீங்க."

தாளை என் மடியில் விரித்து, விரலால் வரிவரியாகக் காட்டினாள்.

"இப்ப எனக்குப் போட்டுப் பாருங்க. வண்டிக்கு அஞ்சு வயசு ஆகல. சரி. என் பேர்ல செப்டம்பர்லேருந்து இருக்கு, இன்னியோட ஆறு மாசம். சரி. லைசன்ஸ் இருக்கு. சரி. மூணும் எனக்குப் பொருந்துது. பர்மிட்டுக்குப் பென்ஷனத்தான் பாப்பாங்க, அது யாருக்கு அதிகம்?"

"உனக்கு."

"அப்புறம் எதுக்கு உங்க பேர்ல விண்ணப்பம் போட்டீங்க?"

எதற்குப் போட்டேன்? முதல் கட்டத்தில் 'குடும்பத் தலைவர்' என்று இருந்தது. கை தானாக என் பெயரை எழுதியது. அவ்வளவுதான். ஒரு நொடிகூட யோசித்ததாக ஞாபகம் இல்லை.

அதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். கொஞ்சம் அழுதாளோ என்னவோ.

"கேள்விய முழுசாப் படிக்காம விடை எழுதுற பையன் ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒருத்தன் இருப்பான். எனக்கு வீட்டுலயே வாய்ச்சிருக்கான்."

பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, "அன்னிக்கு நீங்க மூணு நாள் அலைஞ்சு மாத்தி வெச்சீங்களே, அதனாலதாங்க இன்னிக்கு இவன் வரான்" என்றாள்.

அலமாரிக் கடைக்குப் போகவே மறந்துவிட்டோம்.

மார்ச் 15, சனி

நன்றாகத் தூங்கினேன். ஒரு வாரத்துக்குப் பிறகு முழுத் தூக்கம்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நான் ஏன் பின்பக்கத்தைத் திருப்பவில்லை? ஆபீஸில் எங்கள் பழக்கம் அப்படி. விண்ணப்பத்தில் முதல் குற்றம் கண்ணில் பட்டதும் பேனாவை வைத்துவிடுவோம். சிவப்பில் ஒரு வட்டம், 'திருப்பி அனுப்புக'. மிச்சத்தைப் படிப்பது நேரத்துக்குக் கேடு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நான் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்த ஆள் குற்றத்தைத் திருத்திக்கொண்டு வருவார். அப்போது இரண்டாவது குற்றம் கிடைக்கும்.

தையல் மிஷின் விற்கும் ஒருவர் ஒரே விண்ணப்பத்துக்கு ஐந்து தடவை வந்தார். ஐந்தாவது தடவை, "சார், எல்லாத்தையும் ஒரே வாட்டியா சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் முகம் மட்டும் இன்று காலையிலிருந்து கூடவே இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

தூதரகம். மூன்றாம் நம்பர் ஜன்னல். உள்ளே இருந்த அம்மாவுக்கு எங்கள் கதையைச் சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

என் அனுமதியை நானே ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பத் தலைவரைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன்' என்று எழுதினேன். ஜன்னல் அம்மா அதைச் சத்தமாகப் படித்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண்மணி டீச்சரின் தோளைத் தட்டினாள். என் மானம் கப்பலேறிவிட்டது. வண்டி ஏறினால் சரி.

புது விண்ணப்பத்தில் 'சார்ந்திருப்பவர்' என்பதற்கு நேராக என் பெயர். ஒரு முள் குத்தியது. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் தோன்றியது: இதே கட்டத்தில் ஜனவரியில் அவள் பெயரை எழுதியபோது எனக்கு ஏன் எதுவும் குத்தவில்லை?

இன்னொன்று. ஜனவரியிலேயே அவள் பெயரில் போட்டிருந்தால் வண்டி அவள் பேருக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்காது, திருப்பியிருப்பார்கள். ஆக என் தப்புகூட ஒரு விதத்தில் நல்லதுதானே என்று வரும்போது காரில் சொன்னேன்.

"ரொம்பப் பெருமைப்பட்டுக்காதீங்க. சீட் பெல்ட்டப் போடுங்க."

ஏப்ரல் 2, புதன்

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது!

காரணம் நான். அவள் எழுதி முடித்த தாள்களைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று வாங்கி, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு டிக் போட்டு, மூலையில் சுருக்கக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். 'விண்ணப்பதாரர் அல்லாதவரின் குறியீடுகள் உள்ளன. புதிதாக எழுதி அனுப்பவும்.' அந்தக் கடிதத்தில் எங்கள் ஆபீஸ் வாடையே அடித்தது.

டீச்சர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து பதினோரு பக்கத்தையும் மறுபடி எழுதினாள். எழுதி முடிக்கும் வரை என்னைச் சமையலறையில் இருக்கச் சொல்லிவிட்டாள். என் பேனாக்களையெல்லாம் அவள் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

இதைப் பென்சிலில் எழுதுகிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

ஒன்றும் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுகிறார். எங்கள் வீட்டை விற்றாகிவிட்டது, வாங்கியவர்கள் ஜன்னல் அளவெடுக்க வந்து போனார்கள். ஜூன் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும்.

மே 16, வெள்ளி

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. கூடவே தனியாக ஒரு தாள்: வாகனம் ஒன்று, கறுப்பு, வரிவிலக்கு அனுமதிக்கப்பட்டது.

டீச்சர் குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டிச் சொன்னேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "பின்பக்கமும் படிச்சீங்களா?" என்றாள்.

படித்தேன். பின்பக்கம் வெற்றுத் தாள். அதையும் இரண்டு தடவை பார்த்தேன்.

மே 17, சனி

பேனாக்கள் திரும்பக் கிடைத்தன. ஒன்று குறைகிறது, சிவப்பு.

ஜூன் 9, திங்கள்

துறைமுக யார்டுக்குக் கட்டெறும்பைக் கொண்டுபோய் விட்டோம். முந்தாநாளே அடிப்பக்கம் வரை தேய்த்துக் கழுவியாகிவிட்டது. டயர் இடுக்கில் மண் இருந்தால்கூட அங்கே இறக்க விட மாட்டார்களாம். பழைய பல் பிரஷ் வைத்து ஒவ்வொரு டயராக நான் தேய்த்தேன். ஓட்டாவிட்டால் என்ன, தேய்க்கத் தெரியும்.

யார்டு டிரைவர் சாவியை வாங்கி உட்கார்ந்தார். இடது பக்கப் பெடலைப் பற்றி டீச்சர் சொல்லச் சொல்ல, "தெரியும்மா, தினம் இருபது வண்டி ஏத்துறேன்" என்று தலையாட்டினார். பழக்கத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலை அழுத்தினார் போல. கட்டெறும்பு எகிறிப் பாய்ந்தது. ஒரு மர அடுக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. என் உயிர் என்னிடம் இல்லை.

"இறங்குங்க! முதல்ல இறங்குங்க!"

அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பை அடக்கிய குரல். டிரைவர் இறங்கிக் கைகட்டி நின்றார், அவருக்கே தெரியாமல். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"வெளி ஆளுங்க ரேம்ப்ல ஓட்டக் கூடாதும்மா. ரூல்."

"எந்த ரூல்? காட்டுங்க, படிக்கிறேன்."

அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். நின்ற இடத்திலேயே கடைசி வரி வரை படித்தாள். "பாதுகாப்பு உடை அணியாதவர்கள் ஓட்டக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. உடை இருக்கா?"

ஆரஞ்சுச் சட்டையும் மஞ்சள் தொப்பியும் வந்தன. தொப்பி பெரிது, காது வரை இறங்கியது. சீட்டில் உட்கார்ந்து, பட்டை போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, கண்ணாடியைச் சரிசெய்து, நடக்கும் வேகத்தில்கூட இல்லை, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில் ரேம்ப்பின் சரிவில் ஏற்றி கன்டெய்னருக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். இஞ்சின் நின்றது. உள்ளே இருட்டு. வண்டிக் கதவு பாதிக்கு மேல் திறக்காது. நான் போகப் போனேன். "வேண்டாம், அங்கேயே நில்லுங்க" என்று குரல் மட்டும் வந்தது.

ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, தொப்பி ஒரு பக்கம் சாய, வெளிச்சத்துக்கு வந்தாள். யார்டு ஆட்கள் கை தட்டினார்கள். அந்த டிரைவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்! அவள் ஓட்டுவதை வெளியே நின்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். அறுபத்திரண்டு படி உண்மைதான், நானே எண்ணினேன். பின்பக்கப் பாதை வழியாக மகள் வாடகை வண்டியில் மேலே கொண்டுவந்து விட்டாள். டீச்சர் ஜன்னல் பக்கமே போகவில்லை. கப்பல் எங்கே வருகிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 15, செவ்வாய்

கப்பல் நடுவில் ஏதோ துறைமுகத்தில் ஒன்பது நாளாக நிற்கிறது. ஆகஸ்ட் இருபதுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நான் அவளுக்குச் சொல்கிறேன். அவள் எனக்குச் சொல்கிறாள். கடைக்கு நான் மட்டும் படி இறங்கிப் போய்வருகிறேன். போகும்போது ஏதாவது வேண்டுமா என்று கேட்டால், "நானே பாத்து வாங்கணும், வண்டி வரட்டும்" என்கிறாள்.

ஜூலை 31, வியாழன்

துறைமுகம். சுங்க அதிகாரி வயதானவர், சட்டைப்பையில் மூன்று பேனா. பார்த்ததும் நம்மாள் என்று தெரிந்தது. கோப்பு என் கையில் இருந்ததால் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"வண்டி யாருது?"

"அவங்களுது."

"அனுமதி?"

"அதுவும் அவங்களுது."

"நீங்க?"

"நான் அவங்களச் சார்ந்திருப்பவர்."

இந்தத் தடவை எதுவும் குத்தவில்லை. சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

அவர் முதல் தாளில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் புருவத்தைச் சுருக்கினார். பேனாவைக் கீழே வைக்கவில்லை, தாளைத் திருப்பினார், கடைசி வரை போனார். பிறகு, "சேஸிஸ் நம்பர்ல ஒரு எழுத்து தெளிவா இல்ல. மத்ததெல்லாம் சரி. வாங்க, வண்டியிலேயே பாத்து எழுதிக்குவோம்" என்று எழுந்தார். இரண்டு நிமிஷ வேலை.

எங்கள் ஆபீஸாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கு எதற்கென்று புரிந்திருக்காது.

கட்டெறும்பு மேலெல்லாம் தூசி. டீச்சர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். பெடலில் காலை வைத்துப் பார்த்தாள். சாவியில் அந்தச் சிவப்பு ரிப்பன் இன்னும் இருக்கிறது. நிறம் வெளுத்துவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பன்னிரண்டு நாளாக எதுவும் எழுதவில்லை. எழுத நிறைய இருக்கிறது, நேரம்தான் இல்லை. டீச்சர் காலையில் மகளை ஆபீஸில் விடுகிறாள். திரும்பி வரும்போது ஊரை ஒரு சுற்று சுற்றுகிறாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் பெண்ணுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். நேற்று எங்கே போகிறாய் என்று கேட்டேன். "சும்மா" என்றாள். அறுபது வயதில் அவள் சும்மா வெளியே போய்வந்தாள். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இன்றைக்கு நூலகத்தில் சேரப் போகிறோம். விண்ணப்பம் நான்தான் எழுதினேன். முதலில் பேனாவைத் தொடாமல் இரண்டு பக்கத்தையும் படித்தேன். முதன்மை உறுப்பினருக்கு ஆறு புத்தகம். சார்ந்திருப்பவருக்கு இரண்டு. எனக்கு வாரத்துக்கு நாலு வேண்டும். இன்னும் இரண்டை உன் கணக்கில் எடுத்துத் தருகிறாயா என்று கேட்டதற்கு, நடந்துகொள்வதைப் பொறுத்து என்கிறாள்.

கீழே ஹார்ன். இன்னொரு தடவை அடிப்பதற்குள் போய் உட்கார வேண்டும்.